கோடிட்ட இடம்

ஒரே பிரதி. முப்பத்திரண்டு பக்கம்.
நூற்றெண்பது ரூபாய், என் கைக்காசு.
அட்டையின் அடியில் சின்ன எழுத்தில்
‘உண்மைக் கதை’.

ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு, நாற்பத்தொரு பேர்,
பெஞ்சுகளைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள்.
பின்வரிசைக்காகத் திருப்பித் திருப்பிக் காட்டியதில்
தோள்பட்டை கடுத்தது.

பாடநூலில் இது ஒன்றரை வரி:
தாது வருடப் பஞ்சம், நிவாரண வேலை,
கால்வாய், கவர்னரின் பெயர்.
தேர்வுக்கு ஒரு மதிப்பெண்.
புத்தகத்திலோ பக்கம் முழுக்கப் பழுப்பு.
வானம்கூட மண் நிறம்.

பறக்கும் ரயில் ஜன்னலை உலுக்கிக்கொண்டு போனது.
அது போகும்வரை பேச்சை நிறுத்துவது
மயிலாப்பூரில் எங்கள் பள்ளி வழக்கம்.
அந்த இடைவெளியில்தான் ஜெரோம் கேட்டான்:
‘ராத்தல்னா எவ்ளோ டீச்சர்?’
நாள் கூலி ஒரு ராத்தல் அரிசி,
மேலே கொஞ்சம் சில்லறை என்று
அப்போதுதான் படித்திருந்தேன்.

சத்துணவுக் கூடத்துத் தராசில்
நானூற்று ஐம்பத்துச் சொச்சம் கிராம் நிறுத்து
பழைய செய்தித்தாளில் கொட்டித் தந்தார் சுலோச்சனா.
‘சிந்தாம எடுத்துனு வாங்க, கணக்குக் காட்டணும்.’

குவியலின் மேல் தலைகள் கவிழ்ந்தன.
‘இது பத்தாதே’ என்றது ஒரு குரல்.
‘எங்கப்பா மூட்டை தூக்கிட்டு வந்தா
ராத்திரிக்கே இவ்ளோ துன்னுவாரு.’
யாரும் சிரிக்கவில்லை.
ஒரு பருக்கை குறையாமல் திருப்பிக் கொடுத்தோம்.

பதினான்காம் பக்கத்தில் நின்றது யுவஸ்ரீயின் விரல்.
தலையில் கூடை, இடுப்பில் குழந்தை,
நேராக நம்மைப் பார்க்கிற ஒரு பெண்.
‘இவங்க பேரு இன்னா?’
‘தெரியாது.’
‘உண்மைக் கதைன்னு போட்டுக்குதே.’

கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். பொடி எழுத்தில்
ஓவியரின் குறிப்பு:
ஆண்டு, இடம், கூலி எல்லாம் ஆவணங்களிலிருந்து.
முகங்கள் மட்டும் நானாக வரைந்தவை.

அப்போ பொய்யா?
வகுப்பு இரண்டாகப் பிளந்தது.
மூஞ்சி இல்லாம யாரும் மண்ணு சுமந்திருக்க முடியாதே,
என்றாள் அஃப்ரின்.
ஜெரோம் எழுந்து ஜன்னலைக் காட்டினான்:
‘மூஞ்சி பொய்யாவே இருக்கட்டும்.
பள்ளம் அங்கதான கீது.’

பார்த்தோம்.
ரயில் தூண்களின் காலடியில்
நகராத கறுப்புத் தண்ணீர்,
உடைந்த தெர்மாகோல் பெட்டி, ஒரு கொக்கு.
மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற அதை
அன்றைக்குத்தான், யாரோ வெட்டிய ஒன்றாகப்
பார்த்தார்கள் பிள்ளைகள்.
நானும்தான். இங்கே எனக்குப் பதினோரு வருடம்.

நாமே பேர் வைக்கலாம் என்றார்கள்.
அஞ்சலை, பச்சையம்மா, என்று கூச்சல்.
வேண்டாம் என்றேன். ஏன் என்று
சொல்லத் தெரியவில்லை.
பெயர் வைத்துவிட்டால்
அவள் கிடைத்துவிட்டதாய் நினைத்துத்
தேடுவதை விட்டுவிடுவோம், அதனால்தான் என்று
இருபத்தொன்பது சி-யில் நின்றபடி வருகையில்
தோன்றியது.

பிறகு புத்தகம் வீடுவீடாகப் போனது,
ஆளுக்கு ஓர் இரவு.
ஜூலையில் போனது செப்டம்பரில் திரும்பியது.
அட்டையில் எண்ணெய்க் கறை,
ஒரு மூலையில் பல் தடம். தம்பியாம்.

பதினான்காம் பக்கம்.
அந்தப் பெண்ணின் பாதத்துக்குக் கீழே
அடிக்கோல் வைத்து இழுத்த பென்சில் கோடு.
கோடிட்ட இடத்தை நிரப்புக என்று
வினாத்தாளில் நான் விடுவேனே, அதே நீளம்.
மண்வெட்டிக்காரன் கீழே ஒன்று.
கஞ்சிக்கு நிற்கும் கிழவன் கீழே ஒன்று.
முதுகு மட்டும் தெரிகிற யாரோ ஒருவருக்கும்.

ரப்பரை எடுத்தேன்,
மறுபடி டப்பாவில் போட்டேன்.
எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தொரு கோடு.
படத்தில் இருப்பவர்கள் ஐம்பத்தேழு.

பதினாறு பேருக்கு
இன்னும் கோடுகூட இல்லை.